இருநூறு கிராம் காப்பு

திருச்செங்கோடு
12-6-1978

அன்புள்ள மாப்பிள்ளை மயில்சாமிக்கு,

மச்சான் செங்கோட்டையன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா சௌந்திரமும் சுகமாக இருக்கிறோம். பிலாய் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று விவரமாக எழுது.

போன மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு எனக்கு ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டது. மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீசில் பேனா பிடித்தவனுக்கு நாலாம் நாளே கிறுக்குப் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பேப்பரில் டெண்டர் நோட்டீசைக்கூட விடாமல் படித்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அப்போதுதான் சங்ககிரி ரோட்டில் போர் போடுகிற ரிக் வண்டிப் பட்டறை ஒன்றை மூடினார்கள். மூலையில் ஒரு சின்ன லேத் கிடந்தது. வாங்கிவிட்டேன்! எருமையை விற்ற பிறகு கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, அதில் நிறுத்தியாயிற்று. மோட்டார் ஓடுகிறது. உன் அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, எருமையின்னா பாலாச்சும் கறக்கும், இது என்னத்தைக் கறக்குமுங்க?" என்றாள். நீ பெரிய இரும்பாலையில் லேத் ஓட்டுகிற டர்னர். இரும்பை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கடைவது என்று எனக்கு எழுதிக் கற்றுக்கொடு. சின்ன வயதிலிருந்து ஆசை, இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

பரமத்திப் பெண்ணோடு உனக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதிலிருந்து உன் அக்காவுக்கு இணைச்சீர் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. நாலு வயதில் தாயில்லாமல் வந்த உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். மணவறையில் உன் பக்கத்தில் பேழைக்கூடை ஏந்தி, கூறைச்சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்து நிற்க வேண்டியவள் அவள்தானே. "அந்த நேரத்துல சனம் மாப்பிள்ளையப் பாக்காதுங்க, கூடப்பொறந்தவளத்தான் பாக்கும்" என்கிறாள்.

இப்படிக்கு,
மச்சான் செங்கோட்டையன்


பிலாய்
25-6-1978

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

மயில்சாமி வணக்கத்தோடு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். தங்கள் உடம்பும் அக்கா உடம்பும் எப்படி?

கடிதத்தை எங்கள் மெஷின் ஷாப்பில் தமிழ்க்காரர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தாலுகா ஆபீஸ் மச்சான் லேத் வாங்கியதை நினைத்து நினைத்துச் சிரிப்பு வருகிறது. ஆனால் மச்சான், முதல் பாடம் சிரிப்பதற்கில்லை. வேட்டி கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள். இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக் வேட்டி நுனியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அரைக்கால் டவுசர் தைத்துக்கொள்ளுங்கள். துண்டு ஆகாது, முழுக்கைச் சட்டை ஆகாது. சக்கை இறுக்குகிற சாவியை அதிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால் அது பறந்து வந்து மண்டையில் அடிக்கும்.

முதல் பதினைந்து நாள் வெறும் உருளை மட்டும் கடையுங்கள். ஒரே கனமாக வரும்வரை வேறொன்றும் வேண்டாம். அவசரப்பட்டால் கடைகிற டூல் முறியும்.

அக்கா ஏன் கடிதத்தின் அடியில் ஒரு வரிகூட எழுதவில்லை? கல்யாணச் சோலியில் என்னை மறந்துவிட்டாளா?

தங்கள் பணிவுள்ள,
மயில்சாமி


திருச்செங்கோடு
16-7-1978

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

காக்கி டவுசர் தைத்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயதில் இந்தக் கால்களை ஊர் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் செல்லமுத்து, "ஏனுங்கண்ணா, போலீசுல சேந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். உருளை கடைகிறேன். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இளைத்து முருங்கைக்காய் மாதிரி வருகிறது. ஆனாலும் இரும்பு சுருள்சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்தால் சோறு தண்ணி வேண்டாம் போலிருக்கிறது.

மாப்பிள்ளை, உன்னிடம் ஒன்றை மறைத்தேன். எழுதினால் நான் அவள் முகத்திலேயே முழிக்கக்கூடாது என்று உன் அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். சித்திரையிலிருந்து அவளுக்கு வலது கை நடுங்குகிறது. முதலில் டம்ளர் தளும்பியது. பிறகு கோலப்பொடி கோடாக விழாமல் சிதறியது. இப்போது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. சேலத்தில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் குணமாகும் என்று சொல்ல முடியாது என்றார்.

அவளுக்கு இப்போது ஒரே கவலைதான். தை மாதம் அத்தனை சனத்துக்கு முன்னால் கூடையும் சேலைத் தலைப்பும் பிடித்து நிற்கும்போது கை ஆடினால் என்ன செய்வது? சமையல்கட்டில் தனியாக நின்று கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள். நான் பார்த்தால் முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

ஒன்றைக் கவனித்தேன். வெறும் டம்ளரை எடுத்தால் ஆடுகிற கை, தண்ணீர் நிறைந்த செம்பை எடுத்தால் அவ்வளவு ஆடுவதில்லை. அப்படியானால் மணிக்கட்டில் பாரமாகப் பித்தளையில் ஒரு காப்பு கடைந்து போட்டால்? பார்ப்பவர்களுக்கு நகை மாதிரிதானே இருக்கும்? எப்படிச் செய்வதென்று எழுது. அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
செங்கோட்டையன்


பிலாய்
2-8-1978

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நான் சுகம். அங்கே எல்லோர் சுகத்துக்கும் எழுதவும்.

காப்புக்குப் படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ரிக் பட்டறைக்காரர்களிடம் பழைய பித்தளை புஷ், தடித்த குழாய்த் துண்டு மாதிரி இருக்கும், கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். உள் விட்டம் ரெண்டேகால் அங்குலம், அகலம் ஒரு அங்குலம், தடிமன் ஒன்றரை நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருநூறு கிராம் வரும். முதலில் உட்புறத்தைக் கடையுங்கள். வெளிப்புறம் கடையும்போது சக்கின் பல் பதியாமல் இருக்கச் செம்புத் தகடு வைத்துப் பிடியுங்கள். பித்தளை டூலை உள்ளே இழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தங்கமாக மின்னும்.

வளையமாக முடித்த பிறகு ரெண்டாக அறுத்து, ஒரு பக்கம் கீலும் ஒரு பக்கம் திருகும் போட்டுவிடுங்கள். மணிக்கட்டில் கச்சிதமாக நிற்கும்.

அக்காவைப் பற்றி எழுதியதைப் படித்தேன்.

மயில்சாமி


திருச்செங்கோடு
10-9-1978

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு மழை பிடித்திருக்கிறது. எனக்கு லேசாகச் சளி, மற்றபடி சுகம். உனக்கு எப்படி?

ஒரு பக்கம் முழுக்கப் பித்தளையைப் பற்றி எழுதினாய். அக்காவைப் பற்றி ஒரே வரிதானா? போகட்டும். ஆம்பிளைக்கு அழுகையை எழுதத் தெரியாது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று காப்பு கடைந்து மூன்றும் பாழ். முதலாவது டூல் இழுத்துக் கோணியது. ரெண்டாவது முட்டை வடிவம். மூன்றாவதை நீ பார்த்திருந்தால் என்னை ஷாப்பில் சேர்த்துக்கொண்டிருப்பாய், ஆனால் சக்கிலிருந்து எடுக்கும்போது கீழே போட்டு விளிம்பை நசுக்கிவிட்டேன். சாயங்காலமானால் கரண்ட் மங்கி மோட்டார் முனகுகிறது. நாளுக்கு ஒரு மணி நேர வேலை நடந்தால் அதிசயம்.

அறுத்துக் கீல் போடச் சொல்கிறாய். அது மட்டும் என்னால் ஆகாது. கட்டினவன் உயிரோடு இருக்கையில் வெட்டுப்பட்ட வளையலைக் கொண்டுபோய் அவள் கையில் மாட்டுவதா? அதுவும் கல்யாண மணவறையில் நிற்பதற்கு? நீ வடக்கே போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை. முழு வளையமாகத்தான் செய்வேன். அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து அளவு பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
செங்கோட்டையன்


பிலாய்
24-9-1978

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

சளிக்கு மிளகுக் கஷாயம் சாப்பிடவும். நான் சுகம்.

மச்சான், கண்ணாடி வளையல் கனமில்லாதது, விரல் முட்டி தாண்டிய பிறகு மணிக்கட்டில் சும்மா தொங்கும். பாரக் காப்பு அப்படித் தொங்கினால் பிரயோஜனமில்லை, இறுக்கமாக நிற்க வேண்டும். இறுக்கமாகச் செய்தால் முட்டியைத் தாண்டி ஏறாது. ஆகையால் அறுத்துத்தான் ஆக வேண்டும். சாஸ்திரத்தை லேத்திடம் பேச முடியாது. தயவுசெய்து கேளுங்கள்.

தீபாவளிக்கு லீவு இல்லை. கல்யாணத்துக்குத்தான் வருவேன். பரமத்தியிலிருந்து பெண்ணின் அப்பா ஒரு கடிதம் போட்டிருக்கிறார். அதற்குப் பதில் எழுத வேண்டும்.

மயில்சாமி


திருச்செங்கோடு
5-11-1978

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீபாவளி போயிற்று. உன் சுகத்தை எழுது. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நாலாவது காப்பு அமைந்தது. உன் பேச்சைக் கேட்காமல் முழு வளையமாக, ஆனால் உள் விட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, இறுக்கமாகச் செய்தேன். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வந்தவளிடம் கொடுத்தேன். "கல்யாணத்துக்குப் போட்டுக்க, நானே செஞ்சது" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். எதற்கென்று புரிந்துகொண்டாள். சோப்புப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே தள்ளினாள்.

மாப்பிள்ளை, கை நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நின்றது! முழுக்க இல்லை, முக்கால்வாசி. பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "என்னுங்க இது, என்ற கையா இது?" என்று சிரித்தாள். அன்றைக்கு நாள் முழுவதும் கழற்றவே இல்லை. கழற்றச் சொல்ல எனக்கும் மனமில்லை.

மறுநாள் கை வீங்கிவிட்டது. விரலெல்லாம் கத்தரிக்காய் நிறம். எண்ணெய், சோப்பு, பச்சைத்தண்ணீர் எதற்கும் மசியவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, இத்தனை கனத்தை அறுக்க எங்களிடம் கத்தி இல்லை என்றார். ஆசாரியின் கத்தரி வாய் மடிந்துவிட்டது. கடைசியில் நான்தான் ரம்பத்தை எடுத்தேன்.

அறுப்பதற்கு முன்னால், "இருங்க, மொதல்ல ஒரு மஞ்சக்கயிறு கையில கட்டியுடுங்க, மூளியா இருக்கக்கூடாது" என்றாள். கட்டினேன். காப்புக்கும் தோலுக்கும் நடுவில் தகடு சொருகி, செல்லமுத்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள, நான் அறுத்தேன். அவன் பிடித்தும் அவள் கை ஆடிக்கொண்டே இருந்தது. ரம்பம் ஒரு கோட்டில் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காப்பு ரெண்டாக விழுந்தபோது அழுதது நான்தான், அவள் அழவில்லை. வெட்டக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன், என் பெண்டாட்டி கையில் வைத்தே வெட்டினேன்.

வீக்கம் வடிந்துவிட்டது. கை பழையபடி ஆடுகிறது. நீ சொன்ன மாதிரி கீல் வைத்துச் செய்து தருகிறேன் என்றால், "இரும்பு பித்தளை எதுவும் என்ற பக்கத்துல கொண்டாராதீங்க" என்கிறாள். இன்னும் ரெண்டு மாதம்தான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது வழி எழுது.

இப்படிக்கு,
செங்கோட்டையன்


திருச்செங்கோடு
2-12-1978

மாப்பிள்ளைக்கு,

நான் எழுதி ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ரெண்டு வரியாவது போடு. உன் அக்கா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறாள்.

செங்கோட்டையன்


பிலாய்
18-12-1978

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதத் தைரியம் இல்லாமல்தான் இருந்தேன். அக்கா கை இப்போது எப்படி இருக்கிறது?

நிச்சயத்தன்று அக்கா தட்டை நீட்டியபோது குங்குமம் சிந்தியதைப் பரமத்திக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். குடும்பத்தில் நரம்புக் கோளாறு உண்டா என்று பெண்ணின் அப்பா எழுதிக் கேட்டார். வயசானால் வருவதுதான் என்று பதில் போட்டேன். எங்கள் அம்மாவுக்கும் கடைசி வருஷத்தில் கை ஆடியது என்று அக்கா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அதை எழுதவில்லை. அவர் மறுபடி எழுதினார். மணவறையில் நாலு பேர் பார்த்துப் பேச்சு வரக்கூடாது, இணைச்சீருக்கு வேறு யாராவது நிற்கட்டும் என்றார். சரி என்று எழுதிவிட்டேன். ஆட்டையாம்பட்டியில் பெரியப்பா மகள் வசந்தாமணி நிற்பாள்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, மச்சான். முப்பத்தொரு வயதில் இந்தச் சம்பந்தமும் போய்விட்டால் என்று பயந்துவிட்டேன். காலையில் லேத் முன்னால் நின்றதும் முதலில் என் கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். என்னால் ஆகாது.

மயில்சாமி


திருச்செங்கோடு
4-1-1979

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் இடத்தில் இருந்தால் நான் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று பிறகு தோன்றியது.

மூன்று நாள் சொல்லப் பார்த்தேன். முதல் நாள் அவள் பேழைக்கூடையை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டாம் நாள் கூடைக்குள் உமியைப் போட்டு ஏந்திக்கொண்டு கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். "இன்னிக்கு அவ்வளவா ஆடுலீங்க, பாத்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். மூன்றாம் நாள் வாயைத் திறக்கவே இல்லை.

உன்னை வளர்த்தவள். நீயே வந்து சொல். நேரில் சொன்னால் தாங்கிக்கொள்வாள்.

செங்கோட்டையன்


பிலாய்
20-2-1979

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நானும் என் மனைவியும் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

ஈரோடு ஸ்டேஷனில் இறங்கும்போது சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏஞ்சாமி, இப்பிடி எளச்சுப் போயிட்டியே" என்று அக்கா முகத்தைத் தடவினாள். அதற்குப் பிறகு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நானும், நான் சொல்லுவேன் என்று நீங்களும் இருந்துவிட்டோம். மண்டபத்தில் அக்கா தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது பொன்னாயி அத்தை, "உனக்கெதுக்கு சாமி இத்தன அலங்காரம், வசந்தாமணிதான நிக்கறா" என்று சொன்னாளாம். என் மனைவிதான் பிற்பாடு சொன்னாள். வசந்தாமணிக்குச் சேலைக் கொசுவத்தை அக்காதான் சரிசெய்துவிட்டாளாம்.

இணைச்சீர்க்காரிக்கு எடுத்த மாதிரியே அக்காவுக்கும் ஒரு பட்டுச்சேலை எடுத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கொடுத்துவிடுங்கள். லேத் எப்படி ஓடுகிறது?

மயில்சாமி


திருச்செங்கோடு
11-3-1979

தம்பி மயில்சாமிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் பெண்சாதியும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அவளுக்கு அந்த ஊர்த் தண்ணீர் சேருகிறதா?

சேலை வந்தது. நல்ல சேலைதான். திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொண்டு அனுப்பவில்லை. அது கூடை ஏந்தி நின்றவளுக்குச் சேர வேண்டியது. நிற்காதவள் அதைக் கட்டிக்கொண்டு எந்த விசேஷத்துக்குப் போவாள்? உன் பெண்சாதி கட்டட்டும்.

போன வாரம் உன் மச்சான் கடைக்குப் போயிருந்தபோது லேத் கொட்டகையைக் கூட்டினேன். டூல் பெட்டிக்குள் உன் கடிதமெல்லாம் இருந்தது. அவர் உனக்கு எழுதினதற்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறார், ஆபீஸ் புத்தி எங்கே போகும். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன்.

ஆனியிலிருந்து மார்கழி வரைக்கும் என் கையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எத்தனை அங்குலம், எத்தனை கிராம், அறுக்கலாமா, கூடாதா என்று. என்னை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், வசந்தாமணியை நிறுத்து என்று. அழுதிருப்பேன், அது வேறு. ஒரு நாள் அழுதுவிட்டு, நானே ஆட்டையாம்பட்டி போய் வெற்றிலைபாக்கு வைத்து அவளைக் கூப்பிட்டு வந்திருப்பேன். கூடப்பிறந்தவள் என்கிற முறைக்கு அந்த ஒன்றாவது எனக்கு மிஞ்சியிருக்கும். ஆடுவது கைதான் சாமி. வாய் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் மச்சானை ஒன்றும் சொல்லாதே. அவர் பாவம். இப்போதும் டவுசரைப் போட்டுக்கொண்டு போய் லேத் முன்னால் உட்காருகிறார். கரண்ட் இருந்தாலும் ஓட்டுவதில்லை. நான் காபி கொண்டுபோகும்போது பாதி தரையில் சிந்திவிடும். அவர் பார்க்காத மாதிரி இருப்பார், நான் சிந்தாத மாதிரி கொடுப்பேன். அப்படியே போகிறது பொழுது.

இதை எழுத நாலு நாள் ஆனது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். புரியாத இடம் இருந்தால் உன் மச்சானுக்கு எழுதிக் கேட்காதே. என்னைக் கேள்.

அக்கா
சௌந்திரம்